பிரான்சில் முதல் வரிப் படிவம்: நீண்ட கால விசாவில் வந்தவர்களுக்கு

பிரான்சுக்கு வந்த முதல் வருடம் நான் வரிப் படிவம் கொடுக்கவில்லை. செப்டம்பரில் வந்தேன். டிசம்பர் வரை வேலை கிடைக்கவில்லை, ஊரிலிருந்து கொண்டுவந்த சேமிப்பில்தான் நாள் ஓடியது. ஒரு காசு சம்பாதிக்காதவன் வரி அலுவலகத்தில் எதை எழுதிக் கொடுப்பது என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் வீடு தேடிப் போனபோது, வீட்டுக்காரர் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்துக் கேட்டது 'அவி திம்போ'. வருடா வருடம் வரி அலுவலகம் அனுப்பும் கணக்குத் தாள் அது. என்னிடம் இல்லை. வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் முதல் வருடமே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். வதிவிட அட்டையான கார்த் செஜூரைப் புதுப்பிக்கப் போனாலும், குடும்ப உதவித்தொகை அலுவலகமான காஃபுக்கு உதவி கேட்டு எழுதினாலும், அரசு வாடகை வீட்டுக்குப் பதிவு செய்தாலும், பிள்ளையின் பள்ளிச் சாப்பாட்டுக் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னாலும் அந்தத் தாளைக் கேட்பார்கள். வரி 0 யூரோ என்று அச்சடித்து வரும் தாளும் முழு மதிப்புள்ள தாள்தான். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நம்மவர்கள் 'இம்போ பேப்பர்' என்று சொல்வது இதைத்தான்.

விசா வேறு, வரி வேறு

நீண்ட கால விசாவில் வந்தவர்கள் மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் பதிந்து செல்லுபடியாக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். ஆனால் அது உள்துறையின் வேலை. அங்கே பதிந்ததால் வரி அலுவலகத்தில் உங்கள் பெயரில் கோப்பு திறந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அதை நீங்கள்தான் தனியாகத் திறக்க வேண்டும்.

மாணவர் விசாவா, வேலை விசாவா, குடும்ப விசாவா, வேலை செய்யாமல் தங்க மட்டும் தரும் 'விசித்தர்' விசாவா என்பதைப் பார்த்து வரிச் சட்டம் முடிவெடுப்பதில்லை. பிரெஞ்சு வரிச் சட்டத் தொகுப்பின் 4பி பிரிவு மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: உங்கள் குடும்பம் வாழும் வீடு, அல்லது நீங்கள் முக்கியமாகத் தங்கும் இடம் பிரான்சில் இருக்கிறதா? உங்கள் முக்கியமான வேலை இங்கேயா? உங்கள் சொத்து, வருமானத்தின் மையம் இங்கேயா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே நீங்கள் பிரான்சின் வரிக் குடியாளர். மூன்றும் சேர வேண்டும் என்பதில்லை.

'183 நாள் தங்கினால்தானே?' என்று கேட்பவர்கள் அதிகம். அந்த 183 நாள் கணக்கு, முக்கியமாகத் தங்கும் இடம் எது என்று பார்க்க உதவும் ஒரு அளவுகோல், அவ்வளவுதான். மனைவி பிள்ளைகள் பாரிசில் குடியிருக்க, கணவர் வருடத்தில் பாதிக்கு மேல் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருந்தாலும், குடும்ப வீடு இங்கே என்பதால் அவரைப் பிரான்சின் வரிக் குடியாளராகச் சட்டம் எடுத்துக்கொள்ளலாம். நாள் எண்ணி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்குவதற்காக விசித்தர் விசாவில் வரும் பெற்றோருக்கும் இதே விதிதான். இங்கே வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை, சரி. ஆனால் வருடத்தின் பெரும்பகுதி இங்கேயே வாழ்ந்தால், ஊரில் வரும் ஓய்வூதியத்தையும் வாடகையையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

வரிக் குடியாளர் ஆகிவிட்டால், உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் படிவத்தில் காட்ட வேண்டும். வந்த வருடத்துக்கு மட்டும் ஒரு கோடு உண்டு. நீங்கள் 2025 செப்டம்பர் 12-இல் வந்து இறங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் வரை சென்னையில் வாங்கிய சம்பளத்தை எழுத வேண்டாம். செப்டம்பர் 12-க்குப் பிறகு திருச்சி வீட்டிலிருந்து வந்த வாடகையை எழுத வேண்டும். கையோடு கொண்டுவந்த சேமிப்பு வருமானம் ஆகாது. ஆனால் 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

நாள்காட்டி எளிமையானது. ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு வருடம். இந்தியாவின் ஏப்ரல்–மார்ச் கணக்கை மறந்துவிடுங்கள். இந்த வருட வருமானத்தை அடுத்த வருடம் ஏப்ரலில் தொடங்கி ஜூன் தொடக்கத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசித் தேதி உங்கள் மாவட்ட எண்ணைப் பொறுத்தது. 2025-இல் காகிதப் படிவத்துக்கு மே 20. இணையத்தில் 01 முதல் 19 வரையான மாவட்டங்களுக்கு மே 22, 20 முதல் 54 வரை மே 28, 55-க்கு மேல் ஜூன் 5. பாரிஸ் 75, லா கூர்னவ், பொபிஞ்ஞி எல்லாம் 93 என்பதால் நம்மவர்களில் பலர் கடைசிக் குழுவில் வருவார்கள். தேதிகள் வருடத்துக்கு வருடம் சற்று நகரும். ஏப்ரலில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: 13 இலக்க எண்

வரி எண் இல்லாமல் இணையத்தில் கணக்குத் திறக்க முடியாது. 13 இலக்கம், 0, 1, 2, 3 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். உங்கள் முகவரிக்குரிய வட்டார வரி அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது வரித்துறையின் இணையதளத்தில் வரி எண் இல்லாதவர்களுக்கான விண்ணப்பத்தை நிரப்பலாம். பாஸ்போர்ட், விசாப் பக்கம், முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல் போதும். ஏப்ரல் வரை காத்திருக்காதீர்கள். படிவக் காலத்தில் அலுவலக வாசலில் வரிசை தெரு வரை வரும்.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், சிலருக்கு அங்கே அப்பா பெயர் இருக்கும், சிலருக்குத் தலைப்பெழுத்து விரிந்து நீண்டுவிட்டிருக்கும். வேலைக்குச் சேரும்போது முதலாளி ஒரு வரிசையில் எழுதுவார், வங்கி இன்னொரு வரிசையில் எழுதும், நீங்கள் வரி அலுவலகத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படியே இரண்டு வரி எண்கள் வந்து, சம்பளம் ஒரு எண்ணிலும் படிவம் இன்னொரு எண்ணிலும் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக்க அவர் நாலு தடவை நடந்தார். விசாவில் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ, எழுத்து மாறாமல் அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பிறந்த ஊரும் அப்படித்தான். ஓரிடத்தில் பாண்டிச்சேரி, இன்னோரிடத்தில் புதுச்சேரி என்று மாற்றி எழுத வேண்டாம்.

எண் சமயத்துக்கு வரவில்லையா? 2042 என்ற முதன்மைப் படிவத்தைக் காகிதத்திலேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் பிரான்சுக்கு வந்த தேதியை எழுதி, வங்கியில் கொடுக்கும் 'ரிப்' தாளையும் இணையுங்கள். பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

சம்பளத்தை எழுதுவது

2019 ஜனவரியிலிருந்து மாதச் சம்பளத்திலேயே வரி பிடித்துவிடுகிறார்கள். அதனால் 'பிடித்தாயிற்றே, இனி எதற்குப் படிவம்?' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிடிப்பது முன்பணம். கணக்கு முடிவது படிவத்தில்தான். புதியவருடைய குடும்ப நிலை முதலாளிக்கும் தெரியாது, வரி அலுவலகத்துக்கும் தெரியாது. ஆகையால் சம்பளத் தொகையை மட்டும் பார்த்து, தனி ஆளுக்குரிய பொது விகிதத்தில் பிடிப்பார்கள். மனைவியும் பிள்ளையும் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். படிவம் கொடுத்தால்தான் அந்தப் பணம் திரும்பும்.

எந்தத் தொகையை எழுதுவது என்பதில்தான் முதல் தடவை எல்லோரும் தடுமாறுகிறார்கள். டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் வையுங்கள். கீழ்ப்பகுதியில் மூன்று தொகைகள் பக்கம் பக்கமாக இருக்கும்: மொத்தச் சம்பளம், வங்கிக்கு வந்த தொகை, அப்புறம் 'நெத் எம்போசாபிள்'. அந்த மூன்றாவதில், மாதத் தொகைக்குப் பக்கத்தில் வருட மொத்தம் இருக்கும். முதன்மைப் படிவத்தின் 1ஏஜே கட்டத்தில் போக வேண்டியது அந்த வருட மொத்தம். அது வங்கிக்கு வந்ததைவிட அதிகமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். செலவுக்கென்று 10 சதவீதத்தை வரி அலுவலகமே கழித்துக்கொள்ளும். நீங்களே கழித்துவிட்டு எழுதாதீர்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து வருமானத்தைப் 'பங்கு'களாக வகுப்பார்கள், தனி ஆளுக்கு ஒரு பங்கு. 2024 வருமானத்துக்கு, ஒரு பங்குக்கு 11,497 யூரோ வரை வரி இல்லை. அதற்கு மேல் 29,315 வரை 11 சதவீதம், அதற்கு மேல் 83,823 வரை 30 சதவீதம். தனி ஆள், வருட மொத்தம் 24,000 யூரோ. 10 சதவீதம் போக 21,600. வரி 1,111 யூரோ. சிறிய வரிக்கென்று 'தெக்கோத்' என்ற குறைப்பு தானாகவே கிடைக்கும், இங்கே அது 386. கடைசியில் கட்ட வேண்டியது 725 யூரோ. அதே சம்பளத்தில் மனைவியும் ஒரு குழந்தையும் இங்கே கூட இருந்தால் பங்கு இரண்டரை. 21,600-ஐ இரண்டரையால் வகுத்தால் 8,640. வரி பூஜ்யம். மாதா மாதம் பிடித்தது முழுவதும் கோடையில் திரும்பி வரும். துணைவர் ஊரிலேயே இருக்கிறார் என்றால் பங்குக் கணக்கு சிக்கலானது. அதை நீங்களாக ஊகித்து நிரப்பாமல் அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள்.

மாணவர்கள்: வருமான வருடத்தின் ஜனவரி 1-இல் 26 வயது ஆகாதவர் என்றால், படிப்போடு செய்த வேலையின் சம்பளத்தில் மூன்று மாதக் குறைந்தபட்ச ஊதியம் அளவுக்கு வரி இல்லை. 2024 வருமானத்துக்கு அது 5,301 யூரோ. அதைத் தாண்டிய தொகையை மட்டும் எழுதினால் போதும். தாண்டவில்லை என்றால் பூஜ்யம் எழுதிக் கொடுங்கள், ஆனால் கொடுங்கள்.

ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பிரான்சுக்கு வெளியே உங்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொரு கணக்கையும், அந்த வருடத்தில் திறந்தது, மூடியது, சும்மா கிடப்பது எல்லாவற்றையும், 3916 என்ற படிவத்தில் எழுத வேண்டும். முதன்மைப் படிவத்தில் 8யூயூ கட்டத்தில் குறியிட வேண்டும். எழுதாமல் விட்டால் அபராதம் ஒரு கணக்குக்கு, ஒரு வருடத்துக்கு 1,500 யூரோ. கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. நானூறு ரூபாய் கிடக்கும் பழைய சம்பளக் கணக்குக்கும் அதே 1,500 யூரோதான். மறுபக்கம், எழுதுவதற்கு ஒரு காசும் செலவில்லை. கணக்கை எழுதினால் அதற்காக வரி வராது. இருப்புத் தொகையைக் கூட அந்தப் படிவம் கேட்பதில்லை. வங்கியின் பெயர், முகவரி, கணக்கு எண், திறந்த தேதி, அவ்வளவுதான்.

எவையெல்லாம் கணக்கு என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகள். அஞ்சலகச் சேமிப்பு. பி.பி.எஃப். என்ற நீண்ட காலச் சேமிப்பு. பங்குகள் வைத்திருக்கும் டீமேட் கணக்கு. அம்மாவுக்கு வயதாகிறது, வங்கிக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று அவரோடு சேர்த்துத் திறந்த கூட்டுக் கணக்கு. கல்லூரிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் திறந்தது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பெயரில் இருக்கும் வைப்புக் கணக்கு. முதிர்வுத் தொகை தரும் எல்.ஐ.சி. பாலிசிகளையும் இதே படிவத்தில்தான் எழுத வேண்டும். கைபேசிச் செயலி வழியாகத் திறந்த கணக்குகளுக்கு ஒரு எளிய சோதனை: ஐபான் எண் எஃப்ஆர் என்று தொடங்கவில்லை என்றால் அது வெளிநாட்டுக் கணக்கு.

வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று தாமாகவே அனுப்பிக்கொள்ளும் ஏற்பாட்டில் பிரான்சும் இந்தியாவும் இருக்கின்றன. 'அங்கே இருப்பது இங்கே எப்படித் தெரியும்?' என்று நம்பி இருக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது தேவையில்லாத கணக்குகளை மூடிவிட்டு, மூடிய சான்றை வாங்கி வாருங்கள். அடுத்த வருடப் படிவமும் இலகுவாகும்.

ஊரிலிருந்து வரும் வருமானம்

இதற்கான படிவம் 2047. வாடகை, வட்டி, பங்கு ஈவு, ஓய்வூதியம் எல்லாம் முதலில் இதில் ஏறி, பிறகு முதன்மைப் படிவத்துக்குப் போகும். ரூபாயை யூரோவாக மாற்றப் பிரான்சின் மத்திய வங்கி வெளியிடும் விகிதத்தை எடுத்து, எந்த விகிதம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது என்பதால் இங்கேயும் எழுத வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பிரான்சில் அது வரிக்குரிய வட்டி: 12.8 சதவீத வருமான வரி, அதற்கு மேல் சமூகப் பங்களிப்பும் உண்டு.

இரட்டை வரி வருமோ என்ற பயம் நியாயமானது. பிரான்சுக்கும் இலங்கைக்கும் 1981-இலும், பிரான்சுக்கும் இந்தியாவுக்கும் 1992-இலும் இதற்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருக்கின்றன. எந்த வருமானத்துக்கு எந்த நாடு வரி வாங்கலாம், அங்கே கட்டியதற்கு இங்கே எப்படிக் கழிவு தருவது என்று அவை வகை வகையாகச் சொல்கின்றன. ஆனால் ஒப்பந்தம் இருக்கிறது என்று வருமானத்தை எழுதாமல் விட முடியாது. எழுதினால்தான் கழிவு கிடைக்கும். ஊரில் வரி கட்டிய ரசீது, பிடித்தம் செய்த சான்று, இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். தொகை பெரிதாக இருந்தால், ஒப்பந்தம் தெரிந்த கணக்காளருக்கு ஒருமுறை காசு கொடுத்துக் கேட்பது வீண்செலவில்லை.

அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணம்

இதை நம்மவர்களில் பலர் கேட்டுப் பெறுவதே இல்லை, அதுதான் எனக்கு மனக்குறை. வசதியில்லாத பெற்றோருக்குச் செய்யும் உதவியை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள பிரெஞ்சுச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோர் வெளிநாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. மாமனார் மாமியாருக்கும் உண்டு. தம்பி தங்கைக்குக் கிடையாது. 6ஜியூ கட்டத்தில் எழுத வேண்டும்.

நிபந்தனை இரண்டு. அவர்களுக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டும்: ஓய்வூதியம் இல்லை, அல்லது மிகச் சிறியது, மருத்துவச் செலவு இருக்கிறது என்பதற்கான காகிதங்களும், அவற்றின் மொழிபெயர்ப்பும். பணம் போனதற்கும் சான்று வேண்டும். அப்பா அல்லது அம்மாவின் பெயருக்கே வங்கி மூலம் மாதா மாதம் அனுப்புங்கள். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பியது, வங்கி இல்லாமல் ஆள் வழியாக உண்டியலில் அனுப்பியது, அண்ணன் கணக்குக்கு அனுப்பி அவர் எடுத்துக் கொடுத்தது எதையும் நிரூபிக்க முடியாது. தொகையும் உங்கள் சம்பளத்துக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

தவறினாலும் தாமதித்தாலும்

காலம் கடந்து கொடுத்தால், கட்ட வேண்டிய வரியில் 10 சதவீதம் கூடும். எச்சரிக்கைக் கடிதம் வந்தும் முப்பது நாள் கடத்தினால் 40 சதவீதம். அதோடு மாதத்துக்கு 0.2 சதவீத வட்டி. வரியே பூஜ்யம் என்றால் பூஜ்யத்தில் 10 சதவீதமும் பூஜ்யம்தான். ஆகவே பழைய வருடத்தை விட்டவர்கள் பயந்துகொண்டு அப்படியே இருக்காதீர்கள். அந்த வருடத்துக்குரிய படிவத்தை இறக்கி, நிரப்பி, தாமதத்துக்குக் காரணத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். நானும் விட்டுப்போன என் முதல் வருடத்தை அப்படித்தான் கொடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் தாள் வீட்டுக்கு வந்தது.

இணையத்தில் கொடுத்தது தவறாகிவிட்டால், ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை அங்கேயே திருத்தலாம். நல்ல எண்ணத்தில் செய்த தவற்றைத் தாமாக முன்வந்து திருத்துகிறவர்களுக்கு வட்டியைப் பாதியாகக் குறைக்கிறார்கள்.

கடைகளில் காசு வாங்கிக்கொண்டு நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரியாத நேரத்தில் அது உதவிதான். ஆனால் கடவுச்சொல்லை அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கண் முன்னால் நிரப்பச் சொல்லி, அனுப்பிய படிவத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாத பிள்ளையை எழுதி வரியைக் குறைத்தால் பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வரித்துறையின் 0 809 401 401 எண்ணிலும், ஊர்தோறும் இருக்கும் 'பிரான்ஸ் செர்விஸ்' என்ற அரசு உதவி மையங்களிலும் இலவசமாகவே உதவுகிறார்கள். பணம் திரும்பத் தருகிறோம், அட்டை எண்ணைக் கொடுங்கள் என்று வரும் மின்னஞ்சல் வரித்துறையிலிருந்து வந்ததல்ல.

தாள் வந்த பிறகு

ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் அவி திம்போ வரும். கூடுதலாகப் பிடித்திருந்தால் பணம் அதே சமயம் ரிப் கொடுத்த கணக்கில் விழும். கட்ட வேண்டியது 300 யூரோவுக்கு மேல் என்றால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு தவணையாக எடுப்பார்கள். முதல் பக்கத்தில் பெயர், பங்கு எண்ணிக்கை, 'ரெவெனு ஃபிஸ்கால் த ரெஃபெரான்ஸ்' என்ற அடிப்படை வருமானத் தொகை ஆகிய மூன்றையும் அன்றே சரிபாருங்கள். உதவியோ கட்டணக் குறைப்போ கேட்கும்போது பல இடங்களில் பார்ப்பது அந்தக் கடைசித் தொகையைத்தான்.

வருடத்துக்கு ஒன்றாக எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். குடியுரிமைக்கு எழுதும்போது வரி அலுவலகத்திலிருந்து பி 237 என்ற சான்று கேட்பார்கள். கடந்த மூன்று வருடங்களில் வரி பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லும் தாள் அது. இடையில் ஒரு வருடம் படிவம் இல்லை என்றால் அங்கேதான் இடிக்கும்.

பிரான்சை விட்டுப் புறப்படுகிறவர்களும் அலுவலகத்தில் புது முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். புறப்பட்ட வருடத்துக்கான படிவத்தை அடுத்த வருடம் கொடுக்க வேண்டும். இங்கே வீடோ வாடகையோ மிச்சம் இருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான வரி அலுவலகம் நுவாசி லெ கிராந்தில் இருக்கிறது. உங்கள் கோப்பு அங்கே போய்விடும்.